தாமியானின் நாற்காலி

புவனோஸ் ஐரிஸ்,
11 மே 1982, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஃபெர்மினுக்கு,

உன் சுலேமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. அது இருக்கும்வரை எனக்குச் சளிகூடப் பிடிக்காது என்று நீதான் கிண்டல் செய்வாய். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மத்ரீதில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இங்கே குளிர் வந்துவிட்டது, உன் கறுப்புக் கோட்டை நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் என் கையெழுத்தில் இன்னொரு கடிதம் உனக்கு வந்திருக்கும். வழவழப்பான வெள்ளைத் தாள், கூடவே ஒரு விமான டிக்கெட். தூதரகத்து ஆள் கையோடு கொண்டுவந்து சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பான். உடனே புறப்பட்டு வா என்று அதில் இருக்கும். அதை எழுதியது நான்தான், ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை. வராதே, ஃபெர்மின். இந்தக் கடிதத்தை நம்பு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு.

தீவுகளுக்காக இங்கிலாந்தோடு சண்டை தொடங்கியதும் ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. நாள் முழுவதையும் எதை வைத்து நிரப்புவார்கள்? அப்போதுதான் உன் ஞாபகம் வந்திருக்கிறது அவர்களுக்கு. ஆறு வருஷமாக உன் பெயரைச் சொன்னால் வேலை போகும் என்று நடுங்கியவர்கள், இப்போது காலைச் செய்தி முடிந்ததும் உன் பாட்டைப் போட்டுவிட்டு 'நம் மண்ணின் முதல் ராக் குரல்' என்று குழைகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

முதல் குரலாம். அந்த முதல் குரலை அன்றைக்கு என்ன பாடு படுத்தினார்கள்! அறுபத்தாறில் நீயும் ட்ரம்ஸ் வாசிக்கிற தாமியானும் பாட்டை எடுத்துக்கொண்டு இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனபோது நானும் உங்களுடன் வந்தேன், மறந்துவிடவில்லை. அந்த மேனேஜர் காலை மேசைமேல் நீட்டிக்கொண்டு சொன்னான்: "தம்பி, நம்ம பாஷைல ராக் பாடினா தெருவுல வெங்காயம் விக்கிற மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல பாடிட்டு வா."

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வெங்காயம் விக்கிறவன் குரல் நாலு தெருவுக்குக் கேக்குது சார். உங்க பாட்டு கேக்குதா?"

வெளியே வந்ததும் தாமியான் நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தான். அதற்கப்புறம் ரயில் பாதையோரத்துக் காலி மனையில் கம்பம் நட்டு, பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து மின்சாரம் இழுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வாசித்தீர்கள். நம் தெருப் பேச்சிலேயே ஒருவன் ராக் பாடுகிறான் என்று பேருந்து பிடித்து ஆட்கள் வந்தார்கள்.

அதுதான் போலீசின் கண்ணை உறுத்தியது. நீளமுடிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போய் மொட்டையடிக்கிற காலம் அது. உன் தலையில் பாதி சிரைத்திருந்தபோது மெஷின் கெட்டுப்போய், அப்படியே துரத்திவிட்டார்கள். மறு பாதியையும் சரிசெய்துகொள் என்று நான் கெஞ்சினேன். நீ மாட்டேன் என்றாய். அன்று மாலையே அந்தக் கோலத்தில் மேடை ஏறினாய். அடுத்த ஞாயிறு, பாதித் தலை சிரைத்துக்கொண்டு முப்பது பேர் கூட்டத்தில் நின்றார்கள். உன்னைக் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாய் என்று.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்கு உன்னை ஞாபகப்படுத்தத்தான். போன மாதக் கடிதத்தில், பிசாசு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் ஏறி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். பிசாசு எடுத்துவிட்டது.

போன புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு கர்னல். அவன் சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தவள் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன், நான் வேலை செய்யும் ஓஷிரோவின் சலவைக் கடைக்குத்தான் அவன் சீருடைகள் வருகின்றன. உட்காரச் சொல்லி, தன் கையாலேயே குடுவையில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவன் மகள் உன் பாட்டென்றால் உயிரை விடுவாளாம். இருபத்து மூன்றாம் தேதி ஸ்டேடியத்தில், தீவில் இருக்கும் வீரர்களுக்காகப் பெரிய கச்சேரியாம். நீ வந்து பாடினால் தடைப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்களாம். நீ இங்கேயே இருந்துவிடலாமாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்களாம்.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. மாடிப்படியில் உன் காலடிச் சத்தம்கூடக் கேட்டது.

அப்புறம் அவன், முன்வரிசை மந்திரிகளும் ஜெனரல்களும் எழுந்து நிற்க, நீ 'நான்காவது மாடி' பாட வேண்டும் என்றான். மக்கள் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்களாம். நான் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னான்: "அந்தப் பாட்டுல ட்ரம்ஸே இல்லையேன்னு கவலைப்படாதீங்க, சென்யோரா. எங்க ராணுவ பேண்ட்ல நல்ல ஆளுங்க இருக்காங்க. ஒருத்தன உக்கார வச்சிடலாம்."

தாமியானின் நாற்காலியில், ஃபெர்மின்.

எழுபத்தாறு ஏப்ரலில் ஒத்திகை முடிந்து, ட்ரம்ஸ் குச்சிகளைப் பின்பக்கப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவனை, அவன் குடியிருந்த நான்காவது மாடிக்குப் போய்ச் சேர விடாமல் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர்கள் இவர்கள். வேறு ஆளை வைத்துப் பதிவு செய்யலாம் என்று எல்லோரும் சொன்னபோது நீ அவன் நாற்காலியைக் காலியாகவே போட்டு, தாளமே இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடினாய். மூன்று வாரத்தில் தடை, ஆகஸ்டில் நீ விமானம் ஏறினாய். ட்ரம்ஸ் ஏன் இல்லை என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்துதான் கேட்டான். எது மோசம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குடுவையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "நன்றி" என்றேன். முதல் சுற்றிலேயே. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு, உன் கையால் எனக்கு இனி ஊற்றாதே என்று அர்த்தம் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. தாளையும் பேனாவையும் எடுத்து வைத்து, எழுதுங்கள் என்றான். பேச்சோடு பேச்சாக ஓஷிரோவின் கடை முகவரியைக் கதவு எண்ணோடு சொன்னான்.

எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, கடைசியில் என் சொந்த வரி ஒன்றைச் சேர்த்தேன்: 'நீ வந்ததும் உனக்குப் பிடித்த மாதிரி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு மாத்தே தருகிறேன்.' அவன் இரண்டு முறை படித்துப் பார்த்து, மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றான். என் அத்தை தந்த சர்க்கரை மாத்தேயை நீ ஜெரேனியப் பூந்தொட்டியில் கவிழ்த்ததும், அதைப் பார்த்துவிட்ட அத்தை இரண்டு வருஷம் உன்னோடு பேசாததும் அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வரியில் நீ விழித்துக்கொள்வாய் என்றுதான் எழுதினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பயம் பிடித்தது. ஆறு வருஷத்தில் இவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நீ நினைத்துவிட்டால்? மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஓஷிரோவின் மகள் நொயெமி நாளைக்கு சாவோ பாவ்லோ போகிறாள், அங்கிருந்து தபாலில் போடுவாள்.

தீவில் குளிரில் கிடக்கும் பிள்ளைகளுக்காகப் பாடுவதில் என்ன தப்பு என்று நீ கேட்பாய். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு என்ன கோபம்? நம் கட்டடத்துக் காவலாளியின் மகனும் அங்கேதான் இருக்கிறான். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தேன். அவர்களுக்காக நீ அங்கிருந்தே பாடு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். அவர்களை அனுப்பியவர்கள் கைதட்ட நீ பாட வேண்டாம்.

தாமியானின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை. எர்மீனியாம்மா வியாழன்தோறும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்த மற்ற அம்மாக்களோடு சதுக்கத்துக்குப் போய் நடக்கிறாள், முழங்கால் வீங்கிய பிறகும் விடவில்லை. கேட்டுவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவன பாக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்குடி. எம்புள்ள கூட வளந்த புள்ள. ஆனா அந்த நாற்காலில எவனும் உக்காரக் கூடாது. அது காலியா இருக்கறதாலதான் அவன் எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க."

உனக்கு இதையும் சொல்ல வேண்டும். நேற்று கடை நிறைய ஆள். ரேடியோவில் திடீரென்று 'நான்காவது மாடி' வந்தது. ஓஷிரோ இஸ்திரி மெஷினின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். அது டம் டம் என்று அடித்தால் பாட்டுக்குத் தாளம் போட்டதாகிவிடும் அல்லவா? வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கல்லாவில் விரலால் தட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அந்தக் கடையில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஓஷிரோ பெடலை மிதித்தார். நீ இல்லாமலே உன் பாட்டு தன் வேலையைச் செய்கிறது, ஃபெர்மின். அதைக் கெடுக்க நீ வந்துவிடாதே.

இவர்கள் போவார்கள். நிச்சயமாகப் போவார்கள். அன்றைக்கு நானே எழுதுகிறேன், அந்தக் கடிதத்தில் சர்க்கரை இருக்காது. அதுவரை உன் தொண்டையைப் பார்த்துக்கொள், அந்த ஊர் ஒயினை நம்பாதே, முடியை வெட்டாதே.

நீ போன அன்று காலை நான் ஊற்ற ஊற்ற நீ குடித்துக்கொண்டிருந்தாய். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். குடுவையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாய். நன்றி என்று நீ சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார், சொல்லவில்லை. ஆகவே அந்தச் சுற்று இன்னும் முடியவில்லை, அடுத்தது உன் முறை.

உன் முறைக்காகக் காத்திருக்கும்,
சுலேமா