மூன்றாவது முறையும் அண்ணி

மார்ச் 4, செவ்வாய்

ஏழு வீடுகள். நான்கு பேருக்குக் கட்டு மாற்றினேன், இருவருக்கு ஊசி. ஏழாவது வீட்டுத் தாத்தா கதவையே திறக்கவில்லை. பேருந்துக்காக நின்ற நேரத்தில் இன்னும் இரண்டு நோயாளிகளைப் பார்த்திருக்கலாம்.

மேலாளர் கூப்பிட்டார். புறநகர் வீடுகளெல்லாம் எனக்குத்தானாம், ஆபீஸ் வண்டியோடு. "லைசென்ஸ் மட்டும் கையில வந்துடட்டும். டெஸ்ட் எப்போ?" என்றார். அடுத்த மாதம் என்றேன். பொய்யில்லை, அடுத்த மாதம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதற்கு முன் மூன்று நடந்து, மூன்றிலும் தோற்றது அவருக்கு எதற்கு? என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அது போதும்.

வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து பின் அறையில் சுருண்டு கிடந்த நாத்தனார் இன்று தானாக எழுந்து தலைவாரிக்கொண்டாள். வலைப்பூ எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம், ஆன்லைனில். "வாரா வாரம் ஒரே நாள்ல போடணுமாம் அண்ணி. சொந்த அனுபவமா இருக்கணுமாம். கடைசியில வாசகர்கள்கிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம், அப்பதான் கமெண்ட் வருமாம்." எழுது, நல்லா எழுது என்றேன். நானே என் வாயால் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

முதல் பதிவு போட்டுவிட்டாள். மழையைப் பற்றி. யாரும் படிக்கவில்லையாம், முகம் தொங்கிக் கிடக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கோபம் தாங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலையில் மேலாளர் தன் போனை என் பக்கம் திருப்பிவைத்தார். "என் மனைவி அனுப்பினா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுதாம். இது நீங்கதானே?" அவர் மனைவியும் எங்கள் வீட்டு மகராசி நாத்தனாரும் ஒரே உடற்பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள்.

தலைப்பு: 'மூன்றாவது முறையும் அண்ணி.' தோளில் பையை மாட்டிக்கொண்டு, பையில் ஊசியும் பஞ்சுமாக, வீடு வீடாகப் போகும் அண்ணி. ஊருக்கே தைரியம் சொல்லும் அண்ணி. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் அண்ணி.

கண்ணை மூடுவதை நான் என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். படுக்கையில். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பொட்டலம் கட்டி அப்படியே தங்கை கையில் கொடுத்திருக்கிறார் மனிதர்.

கடைசியில் அந்தப் பாழாய்ப்போன கேள்வி: 'நீங்களே சொல்லுங்கள், அண்ணி நான்காவது முறை போகலாமா, விட்டுவிடலாமா?'

சொல்லியிருக்கிறார்கள். 'விட்டுவிடட்டும், சாலையில் நாங்களும் போகிறோமே.' 'சிலருக்கு வராது, அதை ஏற்பதும் ஒரு பக்குவம்.' நீ யாருய்யா எனக்குப் பக்குவம் சொல்ல? என்னை எங்கே பார்த்தாய்?

மேலாளர் கடைசியாக, சிரிக்காமல், "டெஸ்ட் இனிமேதான்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார். நான் பஞ்சு எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"பேர் போடலையே அண்ணி!"

"அண்ணின்னு போட்டிருக்கியே. உனக்கு எத்தனை அண்ணி?"

முழித்தாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பாசமாகத்தான் எழுதினாளாம், எல்லோரும் அண்ணியை ரசிக்கிறார்களாம்.

அவர் சமாதானத்துக்கு வந்தார். "எத்தனை நாள் கழிச்சு அவ சிரிக்கிறா, பாத்தியா?"

"அவ சிரிக்க நான்தான் கிடைச்சேனா? உங்ககிட்ட சொன்னது உங்களோட நிக்காதா?"

அவர் தண்ணீர் குடித்தார். அவள் எழுதியதைக்கூடப் பொறுப்பேன் போலிருக்கிறது. இவர் சொன்னதை எப்படிப் பொறுப்பது?

மார்ச் 16, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன். பெருமைப்படும்படி இல்லை. பெயரில்லாமல் அவள் பதிவில் பின்னூட்டம் போட்டேன். 'அந்த அண்ணியிடம் கேட்டுவிட்டு எழுதினீர்களா? அவருக்கும் நாலு பேர் முன்னால் நடமாட வேண்டாமா?'

பதினைந்து நிமிடத்தில் ஒருவர் வந்து, 'உங்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லையா?' என்றார். இன்னொருவர், 'நீங்களும் டெஸ்டில் ஃபெயிலா?' என்றார். ஆமாய்யா, ஃபெயில்தான்!

நாத்தனார் வகுப்பில் படித்த மரியாதையோடு பதில் போட்டாள்: 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தொடர்ந்து வாசியுங்கள்.' பின் அறையில் உட்கார்ந்து தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. எழுந்து போய்ப் போனைப் பிடுங்கித் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

புறநகர் வழி போன வருஷம் சேர்ந்த பெண்ணுக்குப் போய்விட்டது. "இப்போதைக்குத்தான்" என்றார் மேலாளர். இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும்? உண்மையை முழுசாகச் சொல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். என் வாயால், எனக்குத் தோதான நாளில்.

மார்ச் 19, புதன்

அய்யோ. அய்யோ. மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பதிவாக!

'அண்ணி என்னோடு பேசுவதில்லை' என்று ஆரம்பம். தட்டை 'டங்' என்று வைக்கிறேனாம். அது என் மனக்காயத்தின் ஓசையாம். என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை முன்பின் தெரியாத அத்தனை பேரிடம் கேட்டுவிட்டு, முடிவில்: 'அண்ணி என்னை மன்னிப்பார் என்று நினைக்கிறீர்களா?'

'கண்டிப்பாக மன்னிப்பார்' என்கிறார்கள். என் சார்பில் மன்னித்தும் விட்டார்கள். எனக்கு வேலையே இல்லை.

மார்ச் 20, வியாழன்

கத்திவிட்டேன். மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்கு.

"என்ன நாள்ல போடணும்னு சொல்லித் தந்தாங்க, படம் எப்படிப் போடணும்னு சொல்லித் தந்தாங்க, எல்லாக் கமெண்டுக்கும் நன்றி சொல்லணும்னு சொல்லித் தந்தாங்க. எழுதப்படுறவ பக்கத்து அறையிலதானே இருக்கா, ஒரு வார்த்தை கேளுன்னு ஒருத்தரும் சொல்லலையா? உன் அனுபவத்தை எழுது, யார் வேண்டாம்னா? நான் தோத்தது உன் அனுபவமா? தோத்ததுகூட எனக்கு வெட்கமில்லடி. அது என்னோடது. அதை நான் யாருக்குச் சொல்றேன், யாருக்குச் சொல்லல, அதுதான் என் கையில இருந்துச்சு. அதை எடுத்துட்டியே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கம்பெனி மூடினதை நீங்க யார்கிட்டயும் சொல்லல அண்ணி" என்றாள். "பக்கத்து வீட்டு அக்கா கேட்டப்போகூட லீவுல இருக்கான்னு சொன்னீங்க. நான் கேக்காமலே." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

என்னைப் பற்றிய இரண்டு பதிவுகளையும் நீக்கிவிட்டாள். முதலாவதை வகுப்பில் சிறந்த பதிவு என்று எடுத்துவைத்திருந்தார்களாம், அவர் சொன்னார். அவள் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்ல வரவில்லை எனக்கு. படித்தவர்கள் தலையிலிருந்து யார் நீக்குவது?

அவரிடம் நான் இப்போது வேலை, சாப்பாடு, துணி, இவ்வளவுதான் பேசுகிறேன். அவருக்கு உறைத்திருக்கிறது. உறைக்கட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டெஸ்ட். துணைக்கு ஆள் இல்லாமல் நாத்தனாரைத்தான் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னால் எடுத்தேன். கண்ணைத் திறந்தே எடுத்தேன்! அழகாக நின்றது. அப்புறம் சாலைக்குக் கிளம்பினால் அடியில் ஏதோ கரகரவென்று சத்தம். இன்ஜின் என்று நினைத்தேன். பரிசோதிக்கிற அம்மாவும் இன்ஜின் என்றுதான் நினைத்தார், "வண்டியை சர்வீஸுக்கு விடுங்க" என்று எழுதிக்கூடக் கொண்டார். சிக்னலில் பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியைத் தட்டி, "மேடம், கூம்பு!" என்றார். நிறுத்துமிடத்தில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பு. அதை அடியில் மாட்டிக்கொண்டு மூன்று தெரு இழுத்துப் போயிருக்கிறேன்.

ஃபெயில்.

கூம்போடு திரும்பி வந்தபோது நாத்தனார் டெஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். கூம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எடுத்து, கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். கையெல்லாம் கறுப்பு.

"இது…" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும், எழுதுகிறவளுக்கு இப்படியொன்று வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். "எழுதலாமா அண்ணி?"

"வேண்டாம்."

"சரி."

ஏப்ரல் 10, வியாழன்

மேலாளரிடம் நானே சொன்னேன். நான்காவது முறையும் போய்விட்டது, ஐந்தாவதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று. கூம்பைச் சொல்லவில்லை.

செவ்வாய் ராத்திரி அடுப்படியில் என் வீட்டுக்காரர் தன் தங்கையிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. "டெஸ்ட்ல என்னதான் ஆச்சு? மூஞ்சியைப் பாத்தாலே பயமா இருக்கு."

"அண்ணிகிட்ட கேளுண்ணா" என்றாள்.

நேற்று புதன். அவள் பதிவு வந்திருக்கிறது, ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாததைப் பற்றி. ஒரு பக்கத்துக்கு இழுத்திருக்கிறாள், சுவாரசியமே இல்லை. முடிவில், 'உங்கள் வீட்டில் எப்படி?' இரவு வரை ஒரு பின்னூட்டமும் இல்லை.

இன்று காலை பேருந்தில் போட்டேன். என் பெயரிலேயே. 'எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.'