மூன்றாவது பிஸ்ரன்

பொயிண்ட் குக், மெல்பேர்ண்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மிருணாளினிக்கு,

நானும் அப்பாவும் உடலளவில் நலமாக இருக்கிறோம். பேர்மிங்ஹாமில் நீயும் மருமகனும் பிள்ளையும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வட்ஸ்அப்பில் சொல்லக்கூடியதை அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் குசினியில் பேசினால் கராஜ் வரைக்கும் கேட்கும், உன் குரல் கேட்டவுடன் அப்பா எழுந்து பின்வளவுக்குப் போய்விடுகிறார், குளிர் தொடங்கிவிட்டது, அவரை ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்ப எனக்கு விருப்பமில்லை, ஆகவே எழுதுகிறேன். உன் தம்பி கபிலன் டார்னெய்ட்டிலிருந்து கிழமைக்கொரு தரம் வந்து போகிறான். அவனுடைய மகள் நடன வகுப்பை நிறுத்திவிட்டாள், நல்லது, அவளுக்குத் தாளம் வராது. என் முழங்காலுக்கு வைத்தியர் நடக்கச் சொன்னார், நடந்தேன், வலி குறையவில்லை என்றேன், இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்கிறார்.

காரைப் பற்றி நீ அறிந்தது பாதிக் கதைதான், அதையும் கபிலன் அரைகுறையாகச் சொன்னான், மீதியை ஒழுங்காகச் சொல்கிறேன். ஜீலோங் பக்கத்துப் பண்ணையொன்றில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை அப்பா வாங்கி வந்ததும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாய் அதன் கீழேயே படுத்துக் கிடந்ததும், அதன் எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்ரன் எங்கும் கிடைக்காமல் போக உன் ஊர்ப் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் நீ தேடிப்பிடித்துப் பிள்ளையின் பழைய சட்டைகளில் சுற்றி அனுப்பியதும் உனக்குத் தெரியும். மார்கழியில் எஞ்சின் உயிர் பெற்றது, என்னைக் கடற்கரை வரை ஏற்றிக்கொண்டு போனார், சத்தம் போடாமல் ஓடியது, நான் அதைச் சொன்னேன், அதற்கு மேல் புகழ்ச்சியை அவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு தைப்பொங்கலுக்கு ஊரவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஆனந்தராஜாவும் வந்திருந்தார், அப்பாவோடு கொக்குவிலில் ஒன்றாகப் படித்தவர், வயது ஏற ஏற வாயும் ஏறிக்கொண்டு போகிறவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பெற்றோலில ஓடுறது ஒரு கெட்டித்தனமே சிவபாலன், அது வெள்ளைக்காரனும் ஓடுவான், எங்கட ஓட்டத்தை ஒருக்கா ஓடிக் காட்டு பாப்பம்” என்றார். எங்கட ஓட்டம் என்றால் மண்ணெண்ணெய் ஓட்டம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது எல்லோரும் ஓடியது போல, சிறிய போத்தல் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அப்பா சிரித்து மறுத்தார். ஆனந்தராஜா தானே போய் ஹார்ட்வெயர் கடையில் விளக்குக்கு விற்கிற மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், அதற்குப் பிறகு மறுக்கிற மனிதரை நான் கலியாணம் கட்டவில்லை.

ஓடியது. அந்தப் புகை மணம் தெருவில் பரவியபோது எழுபது வயதுக்காரர்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு அப்பா பெருந்தெருவுக்கு விட்டார், ஒருவரும் மெலிந்தவர் அல்லர். மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் உள்ளே டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியிருக்கிறது. வேறு யாராவது என்றால் அந்தச் சத்தத்துக்கு உடனே நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஓடிய எல்லாக் கார்களும் அப்படித்தான் தட்டின. “இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமடாப்பா” என்று ஆனந்தராஜா பின்சீற்றில் இருந்து தாளம் போட்டாராம். பிறகு பெரிதாக ஒரு வெடிச்சத்தம், நீலப் புகை, அவ்வளவுதான். இழுவை வண்டியில் கார் வந்தது, அதன் பின்னால் கபிலனின் காரில் மனிதர்கள் சாமான் அடுக்கியது போல வந்தார்கள். பிழை எங்கே என்று ஒரு வசனத்தில் சொல்லலாம். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தித் தீப்பிடிக்கும், அதனால் ஊரில் எஞ்சின் தலைக்குக் கீழே இரண்டு கஸ்கற் தகடு வைத்து உள்ளே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடினார்கள், இங்கே பட்டறையில் அதே தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் நீ எடுத்தபோது தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டவன் கபிலன். “அப்பா, சண்டை முடிஞ்சு எத்தினை வருஷம், இன்னும் மண்ணெண்ணெய்யோ, உங்களுக்கு என்ன விசரே” என்று நீ கேட்டாய். நீ கேட்டதில் பொய் இல்லை, நானும் அன்றைக்கு இதைவிடக் கூராகப் பேசினேன். ஆனால் நான் பேசுவது அவருக்குப் பழகிய காலநிலை, நீ பேசுவது அப்படியில்லை. அவர் எழும்பிக் கை கழுவினார். அன்றைக்குப் பிறகு கராஜ் கதவு திறக்கப்படவில்லை. ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன், நீ கண்ணீர் விடுவதற்காக அல்ல: சிறுபிள்ளையாய் உனக்குக் குடல்வால் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மண்ணெண்ணெயில் ஓடிய கார், ஓட்டியவர் அவர், நீ அந்தக் கார் முழுவதும் சத்தி எடுத்தாய். அங்கே அது விசர் வேலையாக இருக்கவில்லை. இங்கே விசர் வேலைதான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை எழுத அதிகமில்லை. அவர் கதிரையில் இருப்பார், தொலைக்காட்சி அணைந்திருக்கும், நான் சமைப்பேன், அவர் சாப்பிடுவார், உப்புக் கூடினாலும் சொல்லமாட்டார். முதலில் எனக்குக் கோபம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. பல்வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருவரும் இருந்தோம். ஆனந்தராஜா ஒரு பெட்டி மாம்பழத்துடன் வந்து மன்னிப்புக் கேட்டார், அப்பா மாம்பழத்தை வாங்கி வைத்துவிட்டு “பரவாயில்லை” என்றார், அந்த மனிதர் அழுதுகொண்டே போனார், எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை, மாம்பழம் புளிப்பு. சித்திரை முடியும் தறுவாயில் கபிலன், பக்கத்து ஊர் வெறிபீயில் ஒருவர் காரை அப்படியே பாகங்களுக்காக எடுக்க ஆயத்தமாக இருக்கிறார் என்றான். “கொண்டு போகட்டும்” என்றார் அப்பா, கதிரையில் இருந்தபடியே. நானும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் நான் பேராதனையில் இரசாயனம் படித்து அதையே காலமெல்லாம் படிப்பித்தவள், ஒரு பரிசோதனை தோற்றால் குழாயைப் பார்க்காமல் குப்பையில் போடுவதில்லை. கார் போவதற்கு முன் உள்ளே பார்க்க வேண்டும் என்றேன். போன சனிக்கிழமை நான் காரின் கைநூலை வாசிக்கக் கபிலன் நட்டுகளைக் கழற்றினான், “ஆர் யூ ஷுவர் அம்மா” என்று நட்டுக்கு ஒரு தரம் கேட்டான். எஞ்சின் தலையைத் தூக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம். நாலில் மூன்று பிஸ்ரன்கள் நீ அனுப்பியபடியே இருந்தன. ஒன்றின் நடுவில் என் சின்னவிரல் போகிற அளவு ஓட்டை, விளிம்பு உருகியிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு பிஸ்ரனில் ஓட்டை என்றேன். எது என்று நான் சொல்லவில்லை. “மூண்டாவது” என்றார். இத்தனை காலமும் அந்தக் கதிரையில் இருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. “சிலிண்டர் சுவர் கீறியிருக்கோ” என்று கேட்டார். கீறியிருக்கிறது, ஆழமில்லை, நீங்களே பாருங்கோ என்றேன். பிறகு எழும்பிக் கராஜுக்குப் போனார், நான் பின்னால் போகவில்லை, போஞ்சி வெட்ட இருந்தது. கேட்டது இதுதான்: “ஆரடா மடையன் நட்டெல்லாத்தையும் ஒண்டாய் ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள கொட்டினது, எது எங்கத்தையது எண்டு இனி உன்ர கொப்பனே கண்டுபிடிக்கிறது?” அதற்குக் கபிலன், “ஓம் அப்பா, என்ர கொப்பன்தான் கண்டுபிடிக்க வேணும்” என்றான். எனக்கு மகிழ்ச்சி வந்தது என்று எழுதினால் பொய். போஞ்சியை வெட்டி முடித்தேன். வெறிபீக்காரருக்கு வரவேண்டாம் என்று கபிலன் அறிவித்துவிட்டான்.

பட்டறைக்காரர் கீறிய சிலிண்டருக்குப் புது உறை போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம் என்கிறார். வேண்டியது அதே அளவில் ஒரு பிஸ்ரன், அது உன் ஊர்க் கடையில்தான் கிடைக்கும். மிருணாளினியிடம் கேட்கட்டோ என்றேன். “நீர் பிள்ளைக்குக் கரைச்சல் குடுக்காதையும்” என்றார், பிறகு நட்டுகளைப் பார்த்துக்கொண்டே, “என்ன முகத்தோட கேக்கிறது” என்றார். ஆகவே அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தனியாக ஒன்று தரமாட்டார்கள், நாலாகத்தான் விற்பார்கள் என்றால் நாலையும் வாங்கு, மிச்சம் மூன்றும் இருக்கட்டும், இன்னும் மூன்று பிழைகளுக்காவது இந்த மனிதருக்குத் தெம்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம், அழவும் வேண்டாம், இரண்டுக்கும் என்ன பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியாது, பின்வளவுக்குப் போய்விடுவார்.

உன் பிள்ளையின் காதைக் குளிர்காலம் வருமுன் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன், காட்டியிருக்க மாட்டாய், காட்டு. இரவு வேலைக்குப் போகும் கிழமைகளில் பாணோடு காலத்தைத் தள்ளாமல் சோறு காய்ச்சிச் சாப்பிடு. மருமகனுக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல், உங்கள் மூவர் தலையிலும் எங்கள் இருவர் கையும் எப்போதும் இருக்கிறது.

மறவாமல் ஒன்று. பிஸ்ரனின் அளவு தெரியாமல் கடைக்குப் போகமுடியாது, போன முறை குறித்ததை நீ வைத்திருக்க மாட்டாய். அளவு எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. எங்கள் பின்னேரத்தில் தொலைபேசி எடுத்து அப்பாவைக் கேள்.

இப்படிக்கு,
அம்மா
பவளம் சிவபாலன்