பச்சை ஒயர் இழுக்காத வீடு

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என் அண்ணே,

முப்பத்தொரு வீடு முடிந்துவிட்டது. பாக்கி இரண்டுதான். ஒன்று என்னுடையது, இன்னொன்று உன்னுடையது.

பக்கத்துக் காலனியில் மீட்டர் அறை தீப்பிடித்ததிலிருந்து நம் சொசைட்டிக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லா வீட்டு ஒயரிங்கையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மும்பை செம்பூரில் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் நான் ஒருவன்தானா? கட்டடத்துக்குள்ளேயே கிடக்கிறேன், கூப்பிட்ட குரலுக்கு வருவேன், அதுதான் காரணம்.

"வீட்டுக்கு ரெண்டு பிளக் பாத்தா போதும் சுடலை, எல்லாம் ஒரே ஒயரிங்தானே" என்றார் செக்ரட்டரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். சோற்றுக்குச் சரி, கரண்டுக்கு அது செல்லாது. எர்த் என்கிற பச்சை ஒயர் இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், டிவி பாடும். ஏதாவது பழுதாகிக் கரண்ட் கசியும் நாளில்தான் அதற்கு வேலை. ஹால் பிளக்கில் எர்த் இருந்தால் சமையலறையிலும் இருக்கும் என்று எந்தச் சாமி சத்தியம் செய்தது?

அதனால் ஒரு பிளக்கைக்கூட விடவில்லை. பிரிட்ஜை நகர்த்தச் சொன்னேன், கட்டிலை இழுக்கச் சொன்னேன். "பிளக்குக்குப் பின்னால என்ன பொக்கிஷமா இருக்கு? மாவு பாதி அரைச்சபடி நிக்கறது, மெயினைப் போடுங்கோ" என்று மூன்றாம் மாடி மாமி சத்தம் போட்டாள். செக்ரட்டரி "அரே பாய், கித்னா செக் கரோகே?" என்று, எவ்வளவுதான் சோதிப்பாய் என்ற அலுப்பில், தலையில் அடித்துக்கொண்டார்.

இவ்வளவு யோக்கியன் எங்கிருந்து முளைத்தான் என்று சிரிக்கிறாயா? சிரி. ஒவ்வொரு வீட்டிலும் நான் நேரத்தைக் கடத்தினேன் அண்ணே. கடைசி இரண்டு வீடு வராமலே போகாதா என்று பார்த்தேன்.

சுவர் எழுப்பிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பாவின் வீட்டை நடுவில் பிரித்தோம். இரண்டு பக்கத்துக்கும் கரண்ட் தரும் பழைய மெயின் போர்டு என் பக்கம் நின்றுவிட்டது. உன் பக்கத்து ஒயரிங்கை நான்தான் செய்தேன், அண்ணனுக்குத் தம்பி செய்யாமல் வேறு யார் செய்வது? சிவப்பு ஒயர் இழுத்தேன், கறுப்பு இழுத்தேன். பச்சை தீர்ந்துபோனது. காலையில் வாங்கி இழுத்துக்கொள்ளலாம் என்று மெயினிலிருந்து வந்த பச்சை நுனியைச் சுருட்டிப் போர்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அன்று சாயங்காலம்தான் அப்பாவின் இரும்பு பீரோ யாருக்கு என்று நமக்குள் சண்டை. பீரோ என் பக்கம் வந்தது. அதன் கதவு இன்றுவரை ஒழுங்காக மூடுவதில்லை. அந்தக் காலை மட்டும் ஆறு வருஷமாக விடியவே இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நான் முதலில் பேசியதாகிவிடுமே! மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சுவர் வழியாக மதினியின் குரல் கேட்டது. "ஏங்க, கீசரத் தொட்டா கை சுள்ளுங்குது." வெந்நீர் போடும் அந்தக் கீசருக்கும் பச்சை ஒயர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு காதில் விழவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்திருப்பாய் என்று என்னை நானே நம்பவைத்தேன். எவ்வளவு சௌகரியமான நம்பிக்கை, பார்த்தாயா?

பத்து மாதத்துக்கு முன் அந்த விடியற்காலை. உன் பாத்ரூமில் வாளி உருண்ட சத்தம் கேட்டது. பிறகு மதினியின் அலறல். அண்ணே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கால் உன் கதவுக்கு ஓடவில்லை. என் கை மெயின் சுவிட்சுக்குப் போனது. அதை அணைத்துவிட்டுத்தான் ஓடிவந்தேன். இருட்டில் உன்னைத் தூக்கினோம். கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எதனால் நின்றது என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? பத்து மாதமாக அந்தக் கேள்விக்குள்தான் குடியிருக்கிறேன். அதற்கு ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. தினமும் காலையில் உன் பக்கத்தில் வாளி இழுபடும் சத்தம் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு புரண்டு படுப்பேன்.

நேற்று செக்ரட்டரி படிவத்தை நீட்டினார். "உங்க அண்ணன் வீடுதானே, பாத்த மாதிரி எழுதிடுங்க. நாளைக்கு நான் குடுத்தாகணும்." பேனாவைக்கூட அவரே திறந்து கொடுத்தார். எழுதியிருந்தால் முடிந்தது. மதினி மட்டும் அந்த பிளக்குகளோடு அங்கே இருந்திருப்பாள், கீசர் எந்த நாளில் யாரை இழுக்கும் என்று தெரியாமல். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்று காலை உன் கதவைத் தட்டினேன்.

மதினி கதவைத் திறந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஹால் பிளக்கில் என் சோதனை பல்பை வைத்தேன். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் பளிச்சென்று எரிந்தது. சிவப்புக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவில்லை. ஏழு பிளக்கிலும் எரியவில்லை. எரியாது என்று தெரிந்தும் ஏழையும் பார்த்தேன்.

"அன்னைக்கு மெயின நீங்கதான ஆஃப் பண்ணுனீய?" என்றாள் பின்னாலிருந்து.

திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை ஒயர் தீர்ந்தது, நான் வராதது, கீசர் பேச்சைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது. "அண்ணன நான்தான் கொன்னுட்டேனோன்னு இருக்கு மதினி" என்றேன்.

அவள் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டாள். "பாருங்க."

கீசர் சுவிட்சின் மேல் ஒரு தோல் துண்டு. சுற்றிலும் இரட்டைத் தையல், நான்கு மூலையிலும் ஆணி. தாராவித் தோல் பட்டறையில் நீ பைகளுக்குப் போட்ட அதே தையல். தைக்கிறதைக் கொஞ்சம் மோசமாகத் தைத்திருக்கக் கூடாதா? பார்த்தவுடனே உன் கை என்று தெரிந்துவிட்டது.

"மூணு வருசமா கீசர் போடல. சுள்ளுன்னு இழுத்த அன்னைக்கே தச்சு மூடிட்டாவ. வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். 'என் தம்பி போட்ட ஒயர வேற எவனும் தொடப்படாது. அவன் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் யாரும் போடாதீய'ன்னுட்டாவ."

"அப்போ வெந்நி?"

"அடுப்புலதான். நான் தூக்குதேன்னா விட மாட்டாவ. நெஞ்சு சரியில்ல, கனம் தூக்காதீயன்னு டாக்டர் சொன்னாரு, கேட்டாவளா? அன்னைக்கும் அந்த வாளியத் தூக்கிட்டுப் போனவியதான்."

கரண்ட் உன்னைக் கொல்லவில்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை அண்ணே. இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் நீ வெந்நீர் சுமந்திருக்கிறாய், நான் வருவேன் என்று. ஒரு சுவர் தள்ளி நான் படுத்திருந்தேன். ஏன் ஒரு தடவை சுவரைத் தட்டவில்லை? தட்டினால் நீ முதலில் பேசியதாகிவிடும் என்றா? உனக்கும் எனக்கும் ஒரே அப்பா என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு கேள்வியிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குள் விழுந்திருக்கிறேன். இதிலிருந்து என்னை யார் எடுப்பார்கள்? நீதான் எடுக்க முடியும், நீ இல்லை.

வெளியே வரும்போது மதினி கேட்டாள். "இப்பம் நான்தான் தூக்குதேன். எப்பம் சரியாவும்?" அப்போதுதான் உறைத்தது. நீ சொன்ன சொல்லுக்காக அவள் இன்னும் கீசரைத் தொடவில்லை. தினமும் நான் காதைப் பொத்திக்கொண்ட அந்த வாளி அவளுடையது.

படிவத்தில் உன் வீட்டுக்கு நேரே எழுதிவிட்டேன்: ஏழு பிளக், எர்த் இல்லை, ஒயரிங் செய்தவர் சுடலை. செக்ரட்டரி வாயைத் திறந்தபடி படித்தார். லைசென்ஸ் போனாலும் போகட்டும்.

நாளைக் காலை பச்சை ஒயர்ச் சுருளோடு உன் கதவைத் தட்டுவேன். ஏழு பிளக்குக்கும் இழுப்பேன், ஏழிலும் பல்பு எரிகிறதா என்று பார்ப்பேன். கீசரைக் கழற்றிப் புதிது வைப்பேன். அதற்குப் பிறகுதான் என் வீட்டுப் பிளக்குகளைப் பார்ப்பேன். அந்தத் தோலை மதினி பிரிக்கச் சொன்னால்தான் பிரிப்பேன், உன் தையலில் என் கத்தி படாமல். நாளை மறுநாள் காலையில் சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்பேன். வாளி இழுபடும் சத்தம் கேட்கக் கூடாது. அதுவரை என் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் விழாது.

வந்து பார்த்துவிட்டேன் அண்ணே.

நீ காத்திருந்த தம்பி,
சுடலை