ஜெர்மன் தெருவில் நாலு மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உடம்புதான் அங்கங்கே கொஞ்சம் பழுது. நீ அங்கே ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன், அது அப்படியே இருக்க வேண்டும். எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் மாவுக்கட்டு, இதை இடது கையால் எழுதுகிறேன், இந்த நாலு வரிக்கே நெற்றி வேர்த்துவிட்டது. போனில் சொன்னால் போன் எண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், அதனால் எத்தனை நாள் ஆனாலும் கடிதம்தான். கடைசி வரைக்கும் பொறுமையாகப் படி பாப்பா, நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எடுத்த எடுப்பில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

பூங்காவில் நான் செய்கிற வேலை உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், நீ ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை, உன் புகுந்த வீட்டில் உன்னை அனுப்பினால்தானே. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் இப்போது தகரச் சட்டை போட்ட ஜெர்மன் வீரன். பூங்காவுக்குள் ஜெர்மன் தெரு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் போட்ட வீடுகள், ஜன்னல் ஜன்னலுக்குச் சிவப்புப் பூந்தொட்டி, தண்ணீரில் சுற்றுகிற ஒரு ஆலைச் சக்கரம், அதைச் சுற்றிப் போகிற படகு, அக்கார்டியன் வாசிக்கிற நாலு பேர், கால் மணிக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறந்து கத்திவிட்டு உள்ளே ஓடுகிற மரக்குருவி. எல்லாம் சிமெண்டும் பெயிண்டும்தான், ஆனாலும் பார்த்தால் தடவிப் பார்க்கத் தோன்றும். தெருக் கோடியில் மணிக்கூண்டு. மணிக்கு மணி அதன் இரண்டு கதவும் திறக்கும், சிவப்பு வீரன் ஒரு கதவிலிருந்து, நீல வீரன் ஒரு கதவிலிருந்து, மோட்டார் இழுக்கிற பலகையில் நின்றபடி வருவார்கள். மரக்கத்தியால் மூன்று தட்டு, பிறகு நீளக் காம்பு வைத்த மரச்சுத்தியால் மணியைத் தட்டுவது. அசல் மணி ஓசை தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் வரும், நாங்கள் சும்மா பாவனைதான். பலகை நகர ஆரம்பித்துவிட்டால் மூன்று நிமிஷத்துக்கு இறங்க வழி கிடையாது, கீழே இரண்டு மாடிப் பள்ளம். சிவப்பு நான். நீலம் உன் மாமனார்.

அவர்தான் எனக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார், நீ அங்கே மருமகளாக இருந்தபோது. நீ கிளம்பிப் போன இந்த எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. மூன்று தட்டு தட்டுவோம், அவரவர் கதவுக்குள் போய்விடுவோம். போன மாதம் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தது இந்தச் சனிக்கிழமை. அன்றைக்குப் பார்த்து ஊழியர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று இலவச அனுமதி கொடுத்திருந்தார்கள், உன் அம்மா காலையிலேயே வந்துவிட்டாள். படகில் இரண்டு தடவை போனாள். முடிச்சுப் போட்ட ரொட்டி ஒன்றை வாங்கி எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மரக்குருவி கத்தும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாளாம், என்னமோ இவள் வளர்த்த குருவி மாதிரி. நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்குப் பலகை நகர்ந்தது. கத்தியைத் தூக்கியபடியே அவர் முகமூடிக்குள்ளிருந்து மருமக விலாசத்தைக் குடுங்க சம்பந்தி என்றார். நான் என் பாட்டுக்குத் தட்டினேன். மூன்று தட்டு முடிந்தது, நாலாவது என் தோளில் விழுந்தது. தவறிப்போய் விழுந்தது என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு மறுபடி விலாசம் என்றார், இந்தத் தடவை முழங்கையில், கை மரத்துப் போய்க் கத்தி நழுவியது. கீழே ஒரே கைதட்டல். முதல் வரிசையில் உன் அம்மா ஐஸ்கிரீமைத் தூக்கிக் காட்டி விடாதீங்க, விடாதீங்க என்று கத்துகிறாள், எல்லாம் கூத்து என்று நினைத்துக்கொண்டு. நான் அப்போதே லீவு சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் பயந்து இறங்க ரோஷம் விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் கத்தியைத் தூக்கவே இல்லை, வந்த வேகத்தில் கைப்பிடியை என் வயிற்றில் குத்தினார், முட்டி போட்டு விழுந்தேன், நெஞ்சில் ஒரு உதை. அதற்கு மேல் நானும் மனுஷனாக இல்லை. எழுந்து அவர் தலையில் போட்டேன், ஒலிபெருக்கியில் மணி அடிக்க அடிக்க எண்ணிக்கொண்டே போட்டேன், பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு. தகரத் தொப்பி நசுங்கி, காதோரமாக ரத்தம் கழுத்து வரைக்கும் இறங்கியது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. உதடு கிழிந்து நீ முதல் தடவை வீட்டுக்கு வந்தாயே, அன்றைக்கு நான் இவரிடம்தான் போனில் பேசினேன், சின்னஞ்சிறுசுகள் சண்டை சம்பந்தி, நான் பார்த்துக்கறேன் என்றார். நான் நம்பவில்லை பாப்பா, நம்பினது போல இருந்துகொண்டேன், மறுநாள் காலையில் உன்னை நானே பஸ் ஏற்றிவிட்டேன். அந்தக் கோபத்தையெல்லாம் அவர் தலையில் இறக்கினேன், அதில் பாதி என் தலையில் விழ வேண்டியது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, ஆட்டம் கிடையாது. இரண்டு மணிக்கு இரண்டு கத்தியும் ஒடிந்தது, கையாலேயே குத்திக்கொண்டோம், என் கடைவாய்ப் பல் ஒன்று போனது. எங்கள் மேற்பார்வையாளர், எப்போதும் கழுத்தில் ஊதல் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் விசில்தான், மூச்சிரைக்கப் படி ஏறி வந்து இன்னைக்கு ரெண்டு பேரும் பிரமாதம், ஜனம் நகரவே மாட்டேங்குது, அந்த ரத்தச் சாயத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை, பலகையின் தடுப்புக் கம்பியோரத்தில் அவர் என் கழுத்தைப் பிடித்திருந்தது மட்டும் தெரியும்.

நாலு மணிக்கு அவர் கையில் மணியடிக்கிற மரச்சுத்தி இருந்தது. ஒரே போடு, வலது மணிக்கட்டில். சுள்ளி முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. விலாசம் என்றார். அதே இடத்தில் இரண்டாவது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, நான் கம்பியில் சாய்ந்துவிட்டேன், மூன்றாவதுக்குச் சுத்தி மேலே போனது. நான் சொல்லிவிட்டேன் பாப்பா. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொன்னேனே, இதுதான். உன் தெரு, வீட்டு எண், மாடி, அவர் கேட்காத ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கதறிச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். உன் அம்மாவிடம்கூட நான் சொல்லாத விலாசம், கோபத்தில் எங்கேயாவது வாய் விட்டுவிடுவாள் என்று அவளிடம் மறைத்தவன் நான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் மணி அடிக்க ஆரம்பித்தது. நாலு மணி ஓசையும் என் வார்த்தைகள் மேலேயே விழுந்தன. அவர் சுத்தியைக் கீழே இறக்கினார், பலகை எங்களைப் பிரித்து அவரவர் கதவுக்குள் கொண்டுபோய்விட்டது. அவருக்குக் கேட்கவில்லை, கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டேன். உன் அம்மாவிடம் படியில் தவறி விழுந்தேன் என்றேன். கடைசி ஆட்டம்தான் ரொம்ப நல்லா இருந்தது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கை சரியில்லை, வர முடியாது என்று சொல்ல விசிலைக் கூப்பிட்டேன், உங்க சம்பந்தியும் வரலையே என்றார். மகனிடம் சொல்லிவிட்டார், அவன் கிளம்பிவிட்டான் என்றே முடிவு கட்டினேன். இனி அவனை மாப்பிள்ளை என்று எழுத மாட்டேன். நடந்ததை அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன், அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், செருப்பைக்கூட மாட்டாமல் எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டாள்.

அந்த வீட்டு மாடிப்படி ஏறும்போதே டிவி சத்தம் கேட்டது. உனக்கு அந்தச் சத்தம் தெரியும். உன்னை அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று உன் மாமனார் எழுந்து போய்க் கூட்டி வைப்பாரே, அதே சத்தம், இந்தத் தடவை அவன் வைத்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கட்டிலுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில் உன் மாமனார் சுருண்டு கிடந்தார், அவன் பெல்ட்டின் பக்கிள் வெளியே தெரிகிற மாதிரி கையில் சுற்றிக்கொண்டு குனிந்து குனிந்து அடிக்கிறான், சொல்லு, சொல்லு என்று. நான் மாவுக்கட்டுக் கையை அவன் முகத்தில் வீசினேன். மூக்கு உடைந்தது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவன் என்னைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், இரண்டு தடவை மோதினான். மூன்றாவது தடவை மோதுவதற்குள் உன் அம்மா மேஜை மேலிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். விழுந்தவனை விட்டாளா, இது எம் பொண்ணுக்கு, இது எம் பொண்ணுக்கு என்று கீழ் வீட்டுத் தச்சர் வந்து பிடுங்குகிற வரைக்கும் நிறுத்தவில்லை. ஒரு எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிறவள் அவள். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

நான் உன் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் இரண்டு பல்லை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நேத்து எனக்குக் கேட்டுச்சு சம்பந்தி என்றார். உன் விலாசத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் என் காதுக்குள் சொன்னார், தெரு, எண், மாடி, ஊர், ஒன்றும் பிசகவில்லை. அவன்கிட்ட சொல்லலை என்றார். பிறகு, இவ்வளவு தூரம் ஓடணும்னா அந்தப் பொண்ணு எவ்வளவு வாங்கியிருக்கணும், நான் டிவி சத்தத்துல கேட்டதே இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்தபோதுதான் அந்த மூன்று வாரக் காய்ச்சல் என்னவென்று தெரிந்தது, முதுகு முழுக்கப் பழைய தடம், பக்கிள் அச்சு எண்ணலாம் போல இருந்தது. விலாசம் வாங்கி வராவிட்டால் வீட்டில் அடி, அதனால் அவர் என்னை அடித்திருக்கிறார். நான் நாலு மணிக்கே உன்னைக் கொடுத்துவிட்டேன். உன்னைப் பெற்றவன் நான். அந்த ராத்திரி முழுக்க அடி வாங்கி அதைக் கொடுக்காமல் வைத்திருந்தவர் அவர். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

இப்போது அவர் நம் வீட்டில்தான் இருக்கிறார், உன் கட்டிலில் படுக்கிறார், நீ கோபித்துக்கொண்டால் சொல், வேறு ஏற்பாடு செய்கிறேன். அம்மா அவரோடு பேசுவதில்லை, ஆனால் மூன்று வேளையும் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். டிவி போட்டால் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறார். எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், பரவாயில்லை. உன் அம்மாவுக்குத்தான் அந்த மரக்குருவியை இன்னொரு தடவை பார்க்க முடியாதே என்று குறை.

வக்கீல் சொல்கிறார், அவன் பத்து நாளில் வெளியே வந்துவிடுவான் என்று. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வீடு மாறிவிடு, மறக்காதே, தள்ளிப் போடாதே. புது விலாசத்தை எனக்கு எழுதாதே. கேட்டால் தெரியாது என்று நான் சாதித்துவிடுவேன் என்று இத்தனை நாள் என்னை நம்பியிருந்தேன், இப்போது என் மதிப்பு எனக்குத் தெரியும், இரண்டு அடி தாங்குவேன், மூன்றாவதுக்குச் சொல்லிவிடுவேன். எனக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்கட்டும். நீ கடிதம் மட்டும் எழுது, தபால் முத்திரையில் உன் ஊர் தெரியாதபடி வேறு ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல். உன்னை பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாயே, ஒரு வார்த்தை திட்டவில்லையே, அதையெல்லாம் இப்போது எழுது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, எனக்குப் பதில் எழுத விலாசம் இருக்காது, அதனால் குறுக்கே பேச மாட்டேன்.

யார் கையும் உன் மேல் படாமல், நிறைய வயசு நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதிலேயே இருக்கிறது.

இடது கையால்,
உன் அப்பா