மாயாண்டி பெயரில்லாத ஒப்பந்தம்

தலவாக்கலை
12-11-1961

அன்புமிக்க சிவராசா அண்ணன் அவர்களுக்கு,

பூரணி எழுதுவது. நீங்களும் கனகாம்பிகை அண்ணியும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத் தாள்கள் வந்து சேர்ந்தன. நம் வீட்டுப் பின்கொட்டகையில் நீங்களும் என் வீட்டுக்காரரும் கண்டுபிடித்த முறையை, உரிமம் பெற்று நடத்த ஒரு பெரிய கம்பெனி முன்வந்திருக்கிறது என்று படித்தேன். பொகவந்தலாவை ஆற்று மணலில் சிர்க்கோனியம், ஆஃப்னியம் என்ற இரண்டு உலோகங்களும் எப்போதும் சேர்ந்தே கிடக்கின்றன, குணமும் ஒன்றுபோல இருப்பதால் பிரிக்கவே வராது என்று நீங்கள் இருவரும் பேசாத நாளில்லை. மணலை உருக்கி, அமிலத்தில் கரைத்து, கந்தகம் கலந்த உப்பைப் போட்டு, கரைப்பானோடு குலுக்கியபோது ஆஃப்னியம் மட்டும் மேலே ஏறிவிட்டது என்று அவர் சமையலறைக்கு ஓடிவந்து சொன்னார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவர் சிரிப்பதும் அழுவதும் காரணத்தோடு வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட நான் வேண்டும். சோறு அடிப்பிடித்துக் கருகினாலும் அவருக்கு வாசனை தெரிவதில்லை. காலை எழுந்ததும், ஜாடி கழுவ மாயாண்டி வந்துவிட்டானா என்று கேட்பார். கங்காணியோடு நோர்வூட் பக்கம் போயிருக்கிறான் என்று சொல்லிவைப்பேன். கையெழுத்து மட்டும் மாறவில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் அழகாகப் போட்டுவிடுகிறார். அதனால்தான் உங்கள் தாள்களை முதலில் அவர் கண்ணில் படாமல் எடுத்துவைத்தேன்.

அண்ணா, கம்பெனி கேட்டிருக்கும் கேள்விகளில் ஒன்று, இந்த முறையைச் செய்து பார்த்தபோது யாருக்காவது ஆபத்து நேர்ந்ததா என்பது. அதற்கு நேரே 'இல்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தட்டெழுத்துக்கு நடுவே உங்கள் கையெழுத்தில் அந்த ஒரு சொல். நான் அடித்த தந்தி உங்களுக்குக் கிடைத்தது. மாயாண்டிக்காக வருந்திப் பதிலும் போட்டீர்கள். ஆபத்து என்று எழுதினால் கம்பெனி வேறு முறையைத் தேடிப் போய்விடும், அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்க வழியிராது என்று தனிக்கடிதத்தில் விளக்கியிருக்கிறீர்கள். எங்கள் மேல் உள்ள அன்பினால்தான் அப்படிச் செய்தீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் கப்பலேறிய பிறகு நடந்ததை நான் முழுதாக எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அது ஆடி மழை. கொட்டகைக்குள் சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார். மிச்சமான உப்பு நீரையெல்லாம் ஒரே தொட்டியில் ஊற்றிச் சூடாக்கினார். அழுகிய முட்டை நாற்றம் அடுத்த வீடு வரை வந்தது. வெளியே வரச் சொல்லி நான் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டி, "நாத்தம் நின்னுருச்சு பூரணி, வேலை முடியப்போகுது" என்றார். எனக்கோ நாற்றம் நிற்கவில்லை. வாந்தி வந்தது. அந்த வாயு மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் மரக்கச் செய்யும் என்று பிறகு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இது அவருக்குத் தெரியாததில்லை. நாற்றம் நின்றால் ஓடிவிடு என்று மாயாண்டியை எச்சரித்தவரே அவர்தான். அன்று முடியப்போகிறது என்ற ஆசை அவர் அறிவை மறைத்துவிட்டது.

உள்ளே அவர் விழுந்த சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையாதலால் மாயாண்டி ஜாடி கழுவ வந்திருந்தார். "நீங்க வராதீங்க டீச்சரம்மா" என்று என்னைத் தள்ளிவிட்டு, தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போனார். இவரைக் கதவுவரை இழுத்து வந்து வெளியே தள்ளினார். நான் இவர் கையைப் பிடித்து இழுத்துத் திரும்புவதற்குள் மாயாண்டி உள்பக்கம் சாய்ந்துவிட்டார். மழையில் நின்று அலறினேன். ஆட்கள் வந்து சுவர்ப் பலகையைப் பெயர்த்து வெளியே எடுத்தபோது மாயாண்டிக்கு உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்து ஆள், ஞாயிற்றுக்கிழமை, குடித்திருப்பான் என்று எழுதிக்கொண்டு போனார். மாயாண்டி கள்ளைத் தொட்டறியாதவர் என்று அவர் பெண்சாதி வேலாயி கதறியதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் முன்வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இவர் பக்கத்தில் இருந்தேன். இன்றும் தோட்டத்து லயத்து வீடுகளில் வேலாயியிடம் சண்டைக்கு நிற்பவர்கள் குடிகாரன் பெண்சாதி என்றுதான் ஏசுகிறார்கள்.

கம்பெனி இந்த முறையை நம் தேசத்துக் கடற்கரையில், கூலி மலிவான இடத்தில் நடத்தப் போவதாகவும் அந்தத் தாளில் கண்டேன். அங்கே தொட்டி கிண்டப் போகிறவர்கள் யார், அண்ணா? நாற்றம் நின்றால் ஓடு என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

ஹட்டனில் வக்கீலாக இருக்கும் புரொக்டர் பேரின்பநாயகம் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். இன்னது என்று புரியாமல் இவர் போடும் கையெழுத்து செல்லாது, படித்துக் காட்டிப் புரிய வைத்த பிறகே வாங்க வேண்டும் என்றார். நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். வேலாயியைக் கூப்பிட்டு அவளுக்கு முதலில் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "எம் புருசன் பேரு சீமை வரைக்கும் போகுமாங்க டீச்சரம்மா?" என்றாள். போகும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு இவரை உட்காரவைத்து மெதுவாகப் படித்தேன். இத்தனை நாள் நான் சொன்ன பொய் அங்கே உடைந்தது. மாயாண்டி உள்பக்கம் சாய்ந்த இடம் வந்ததும் தாளை என் கையிலிருந்து பிடுங்கி அவரே படித்தார். உதடு அசைய அசைய, திரும்பத் திரும்ப அதே வரி. "நான்தானே ஜன்னலை அடைச்சேன்" என்றார்.  பேனாவை வாங்கித் தம் பெயருக்கு மேலே மாயாண்டி என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று முழுதும் ஒருவாய் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்தவர் மாயாண்டியைக் கேட்கவில்லை. என்ன நினைவிருக்கிறது, என்ன போய்விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

ஒப்பந்தத்தையும் அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன். ஒன்றில்லாமல் மற்றது செல்லாது என்று புரொக்டர் ஐயா எழுதித் தந்திருக்கிறார். இவர் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்ட இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்; எங்கள் பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இதைப் பார்த்துக் கம்பெனி பின்வாங்கினால் பின்வாங்கட்டும். சென்னைக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை என்றால் இங்கேயே இவரைப் பார்த்துக்கொள்வேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும்.

'இல்லை' என்று எழுதியிருப்பதை நானே அடித்திருக்கலாம். தொடவில்லை. அது உங்கள் எழுத்து. நாங்கள் கட்டிய கொட்டகையில் உங்களோடு உட்கார்ந்து ரொட்டி பிய்த்துத் தின்ற மனிதரைப் பற்றியது. உங்கள் கையாலேயே அதை அடித்து எழுதுங்கள் அண்ணா. எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். வேலாயியிடம் படித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
பூரணி கணேசமூர்த்தி