அமிர்திக் காட்டில் கேட்ட குரல்

14-12-1980, ஞாயிறு

காலையில் அமிர்தியில் எங்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய குடைக்காரர், பாதை பிரியும் இடத்தில், "திரும்பறப்போ ஒரு குரல் குடுங்க சார், சேந்தே போய்ட்லாம்" என்றார். சரி என்றேன்.

அருவி பார்த்துத் திரும்பும்போது அவர் நினைவே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மரங்களுக்குள்ளிருந்து "சார்" என்று ஒரு குரல். நான் நின்றேன். காட்டில் ஒரே தடவை கூப்பிட்டால் அது மனுஷக் குரல் இல்லை என்று கூட வந்த சேகர் என்னை இழுத்துக்கொண்டு நடந்தான். நானும் நடந்தேன்.

"உங்களோட எறங்கனவரு இன்னா ஆனாரு?" என்று பஸ்ஸில் ஏறும்போது கேட்டார், காலையில் வந்த அதே கண்டக்டர்.

"அவர் எங்களோட வந்தவர் இல்லீங்க."

பொய்யில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

இப்போது மழை பிடித்துவிட்டது. அவரிடம் குடை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன்.