சம்பிலானா, செம்பிலானா

14 ஜூலை, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். சுகாதார இலாகாவில் முதல் நாள். பீடோங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் கொசுப்புழு தேடும் வேலை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவளை எடுத்ததே அதிசயம் என்றார் அம்மா. அதிகாரி மலாய்க்காரர். என்சிக் என்று கூப்பிட வேண்டும். வேகமாகப் பேசினார். 'செம்பிலான்' மட்டும் புரிந்தது. ஒன்பது. ஒன்பது நாள் வேலை போல. கேட்கக் கூச்சம்.

கூட வருவது சுமதி அக்கா. வாசலில் நின்று நான்தான் குரல் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். உள்ளிருந்து ஓர் ஆன்ட்டி: "இப்படிக் கூப்டா கொசுவுக்குக்கூட கேக்காது லா பாப்பா!"

23 ஜூலை, செவ்வாய்
நல்ல வெயில். இன்று செமிலிங் பக்கத்து வீடுகள். பூச்சட்டித் தட்டில் புழு, நான்தான் முதலில் பார்த்தேன். அக்கா முதுகில் தட்டினார். இப்போது குரல் கொஞ்சம் வருகிறது. நாளையோடு முடிகிறதே.
வாங்க வேண்டியவை: சோப்பு, ரப்பர் பேண்ட்.

24 ஜூலை, புதன்
வெள்ளி, சனி விடுமுறை போக ஒன்பதாவது நாள். இலாகா கொடுத்த டார்ச்லைட்டைத் துடைத்து, வெஸ்ட்டை மடித்து, என்சிக் மேசையில் வைத்தேன். 'தெரிமா காசே' என்று நன்றி சொன்னேன். முகத்தையே பார்த்தார். "செமுவா சாமா." எல்லாரும் ஒரே மாதிரியாம். என்ன தப்பு செய்தேன்?

25 ஜூலை, வியாழன்
மாலையில் அக்கா மோட்டாரில் வந்தார்.
"ஏன்டி நின்னுட்ட? சொல்லிக் குடுத்தா ஓடிடுறாங்கன்னு என்சிக் ஒரே ஏச்சு. ஏற்கெனவே ரெண்டு பேரு கையுறை ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க."
"ஒம்பது நாளுதானேக்கா?"
அக்கா மோட்டாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி மக்கு! செம்பிலான் இல்லடி, சம்பிலான்! தற்காலிக வேலை! நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."
நான் வேலையை விட்டு நிற்க நினைக்கவே இல்லை. ஆனால் நின்றுவிட்டேன். 

28 ஜூலை, ஞாயிறு
போனேன். என்சிக் முன்னால் குரல் வரவில்லை. அக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். வீட்டு வாசல் என்று நினைத்துக்கொண்டேன். "சம்பிலான், என்சிக்! புக்கான் செம்பிலான்!" ஒன்பது இல்லை என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. என்சிக்கும் சிரித்துவிட்டார். டார்ச்லைட் திரும்பக் கையில்.

அதே தைரியத்தில், எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு நாளாகத்தானாம். நாளைக்கு வா, அப்புறம் மேலிடம் சொல்வதுபோல. அக்காவுக்கும் வருஷக்கணக்காக அப்படித்தானாம்.

நாங்கள் ஓடக்கூடாதாம். இருக்கச் சொல்லவும் இல்லை. நான் நினைத்த ஒன்பது நாளே பெரிசு போல.

டார்ச்லைட் மங்கலாக எரிகிறது. பேட்டரி நாமே வாங்க வேண்டுமாம். புதுசு போடலாமா?